ஒரு பாட்டில் இங்கே இருக்கட்டும்

தையல்காரம்மா யாரிடமும் கேட்காமல் நேராக வளர்ப்பறை வாசலுக்கே வந்து நின்றுவிட்டாள். மருத்துவமனையின் மேல் மாடியில் அவளுக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த மருந்து பின்கட்டில்தான் தயாராகிறது என்று ஏதோ ஒரு நர்ஸ் சொல்லிவைத்திருக்கிறாள். முடி கொட்டிய தலையில் துணி கட்டியிருந்தாள். புறங்கையில் இன்னும் பிளாஸ்திரி.

"எனக்குள்ள போறது எங்கேர்ந்து வருதுன்னு ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்மா. கையால தொட்டுப் பாக்காத துணியை நான் வெட்டவே மாட்டேன்."

வளர்ப்பறைக்குப் பொறுப்பாக இருந்தவளை அங்கே எல்லோரும் குடுவையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளிகளை உள்ளே விடுவது வழக்கமில்லை. ஆனாலும் அவளுக்கு மறுக்க மனம் வரவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி, வெள்ளை அங்கி மாட்டிவிட்டு, கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நிறுத்திக் காட்டினாள். உள்ளே மங்கலான வெளிச்சத்தில், ஆடும் தட்டுகளின்மேல் வரிசை வரிசையாகக் குடுவைகள் சுழன்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் நீர்த்த கஞ்சி போல எதுவோ கலங்கிக் கிடந்தது.

"இதுதானா?" தையல்காரம்மாவின் குரலில் ஏமாற்றம் தெரிந்தது.

"இதுதான். மலை மேல ஒரு மரம்மா. அதோட பட்டையிலதான் உங்க மருந்து இருக்கு. பட்டையை உரிச்சா மரம் செத்துடும். அதனால அதோட துளிர்லேர்ந்து துளியூண்டு எடுத்து, சத்து நீர்ல விட்டு வளர்க்கறோம். இலை கிடையாது, வேர் கிடையாது, வெறும் உயிரணுதான். ஆனா மரம் செய்யற வேலையை இதுவும் செய்யும்."

"சும்மா விட்டா செய்யுமா?"

"சும்மா விட்டா தின்னுட்டுக் கொழுத்துட்டு இருக்கும். கொஞ்சம் மிரட்டணும். பூச்சி கடிச்சா செடிக்குள்ள ஒரு சரக்கு ஊறும். அதுல ஒரு சொட்டு விட்டா, ஐயோ ஆபத்துன்னு நெனச்சுக்கிட்டு இது மருந்தைச் செய்ய ஆரம்பிக்கும்."

"எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லுங்க" என்று தையல்காரம்மா சிரித்தாள். அப்புறம் மூக்கை உறிஞ்சினாள். "அதான் மல்லிகை வாசனை வருதா?"

"அதேதான்."

"இத்தனையும் ஒரே மரமா?"

"ஒரே மரம். மண் சரிஞ்சு அது போயிடுச்சு. இதுதான் மிச்சம்."

"யாரு ஏறிப் பறிச்சது?"

குடுவையக்கா கண்ணாடியில் இல்லாத அழுக்கைத் துடைத்தாள். "கூட வேலை பாத்த ஒருத்தர். ஊருக்குப் போயிட்டாரு."

தையல்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணாலேயே அளவெடுத்துப் பழகியவள். "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

அந்த மழைக்காலத்தில்தான் உயிரணுக்கள் மருந்து செய்வதை நிறுத்த ஆரம்பித்தன.

ஒரேயடியாக நிற்கவில்லை. அளவுக் கருவியின் திரையில் மருந்தின் அளவைக் காட்டிக் கம்பீரமாக எழுந்து நிற்கும் கோடு கொஞ்சம் குட்டையாயிற்று. அடுத்த முறை இன்னும் குட்டை. சத்து நீரை மாற்றிப் பார்த்தாள், சூட்டைக் குறைத்துப் பார்த்தாள், மல்லிகைச் சரக்கைக் கூட்டியும் பார்த்தாள். உயிரணுக்கள் எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. முன்பைவிட வேகமாகப் பெருகின. வெள்ளை வெளேரென்று, பார்க்கவே செழிப்பாக இருந்தன. மருந்துதான் இல்லை. வருடக்கணக்காகப் பெருக்கிக்கொண்டே போனால் இப்படி ஆவது உண்டு என்பது அவளுக்குத் தெரியும். இப்படி ஒரு நாள் வரும் என்றுதான் ஆரம்பக் காலத்து உயிரணுக்களைச் சின்னச் சின்னக் குப்பிகளில் உறைய வைத்திருந்தார்கள்.

அந்தக் குப்பிகளை உறைய வைத்திருந்த நைட்ரஜன் தொட்டியின் மூடியைத் திறந்தபோது வழக்கமாக முகத்தில் அடிக்கும் வெண்புகை எழவில்லை. தொட்டியின் கழுத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். திரவம் எப்போது வற்றியதோ தெரியவில்லை. குப்பிகளை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள். குளிர்ச்சியே இல்லை. அப்படியும் ஒவ்வொன்றாகத் திறந்து, வளர்த்துப் பார்த்தாள். ஒன்றுகூடக் கண் விழிக்கவில்லை.

இயக்குநர் குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். அதனாலேயே அவர் சொல்வது அதிகம் வலிக்கும்.

"வேற மரத்துலேர்ந்து புதுசா ஆரம்பிச்சா?"

"நல்லா மருந்து செய்யற திசுவைத் தேடிப் பிடிக்கவே வருஷக்கணக்குல ஆகும் சார்."

"அதுவரைக்கும் ஆஸ்பத்திரி காத்துக்கிட்டு இருக்காதும்மா. வெளியிலேர்ந்து வாங்கலாம். கிடைக்கறப்போ கிடைக்கும், கிடைக்காதப்போ நோயாளிங்களைத் திருப்பி அனுப்பணும். உங்களுக்குத் தெரியாததா? வளர்ப்பறையை மூடிடலாம்னு இருக்கேன். வேற ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க."

ஒரு வழி இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது.

மரமேறித் துளிர் பறித்தவனை அந்தக் காலத்தில் அணில் என்பார்கள். கயிறு கட்டிக்கொண்டு எந்த மரத்திலும் ஏறிவிடுவான். அந்த மரத்தில் அவன் ஏறிய அன்று கீழே கூடையோடு நின்றவள் அவள்தான். மேலிருந்து, "பிடிச்சுக்கோ, கீழ விட்டே, உன்னைத்தான் நட்டு வளர்க்கணும்" என்று கத்தினான். துளிர் அவள் கைக்கு வந்தது. அதன்பின் அவர்கள் இருவரும் எத்தனையோ வளர்ப்புத் தட்டுகளைக் கெடுத்தார்கள், பூஞ்சை பிடித்ததைத் தூக்கி எறிந்தார்கள், மறுபடி ஆரம்பித்தார்கள். ஒருநாள் உறைந்த சத்துக் கூழ்மத்தின்மேல் கடுகளவு திசு பழுப்பாக முளைத்திருப்பதைப் பார்த்துவிட்டு அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்துகொண்டான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் எதுவும் சொல்லிக்கொள்ளப்படவில்லை. சொல்ல வேண்டியதும் இருப்பதாகத் தோன்றவில்லை. எல்லாம் தானாக நடந்துவிடும் என்று இருந்த காலம் அது.

அவனுடைய அப்பாவுக்குக் கை கால் விழுந்துவிட்டது. ஒரே பிள்ளை. அவர் நடத்திவந்த செடிப் பண்ணையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. கிளம்புவதற்கு முன்னால் வளர்ப்பறைக்கு வந்தான். அவள் வடிகட்டிய காற்று வீசும் கண்ணாடி மேசைக்குள் கை விட்டுத் திசுக்களை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"நீயும் வந்துடேன்" என்றான்.

அவள் கையை வெளியே எடுக்காமல் திரும்பிப் பார்த்தாள். "இதுங்களை யாருகிட்ட விட்டுட்டு வர்றது?"

அவன் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம் என்று பிற்பாடு அவளுக்குத் தோன்றியதுண்டு. அலமாரியிலிருந்து திசு வளர்ந்த இரண்டு பாட்டில்களை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். "இதுங்களாவது வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவளுக்கு வரன்கள் வந்தன. தம்பியும் தம்பி மனைவியும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் ஓய்ந்துபோனார்கள். அவனுக்குக் கல்யாணம் ஆன செய்தி யார் மூலமாகவோ வந்தது. அன்றும் அவள் வளர்ப்பறைக்கு வந்தாள், குடுவைகளை எண்ணினாள், வெப்பநிலையைக் குறித்தாள். அவனுடைய எண் அவளிடம் இருந்தது. செல்போன் மாற்றும்போதெல்லாம் பழையதிலிருந்து புதியதற்கு அந்த எண்ணும் பத்திரமாக ஏறியது. கூப்பிட்டதில்லை.

இப்போது கூப்பிட்டாள்.

"நான்தான்."

எதிர்ப்பக்கம் யாரோ தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம். "ம், சொல்லு."

"எடுத்துட்டுப் போன ரெண்டு பாட்டில்... இருக்கா?"

"இருக்கு."

"உயிரோடவா?"

"இருக்குன்னா உயிரோடதானே" என்றான்.

ரயிலில் போய், பஸ் மாறி, ஊருக்கு வெளியே இறங்கினாள். பண்ணை வாசலில் தொட்டிச் செடிகளுக்கு நடுவே முழங்கை வரை மண்ணோடு ஒரு பெண் நின்றிருந்தாள். நறுக்கென்று ஒரு கிளையை வெட்டிவிட்டு, கத்தரிக்கோலைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நீங்கதான் வர்றீங்கன்னு சொன்னாரு. அக்கான்னு கூப்பிடறதா, வேற என்னன்னு கூப்பிடறதுன்னு ரொம்ப நாளா யோசிச்சு வச்சிருந்தேன்."

அவன் மனைவி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் அந்த 'அக்கா'வுக்கு எத்தனை அர்த்தம் இருக்கிறது என்று இருவருக்குமே தெரிந்திருந்தது.

"அக்கான்னே கூப்பிடுங்க" என்றாள் குடுவையக்கா. "எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க."

அதற்குள் உள்ளேயிருந்து அவன் வந்தான். முன்மண்டையில் வழுக்கை ஏறியிருந்தது. கண்ணாடி போட்டிருந்தான். மரம் ஏறிய கால்களில் ஒன்றைக் கொஞ்சம் இழுத்து வைத்தான். அவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று, "வாங்க" என்றான்.

வழியெல்லாம் எத்தனையோ விதமாக அவன் பேசுவதை மனசுக்குள் கேட்டுக்கொண்டே வந்திருந்தாள். இந்த 'வாங்க' அவள் கணக்கில் வரவே இல்லை. பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

பண்ணையின் பின்புறம் அவனும் ஒரு வளர்ப்பறை வைத்திருந்தான். சின்ன அறை. பூச்செடிகளைப் பாட்டிலில் பெருக்கி விற்கிற இடம். தட்டுத் தட்டாகப் பச்சைப் பசேலென்று குட்டிக் குட்டிச் செடிகள். மூலையில், அடித்தட்டில் மட்டும் இலையும் இல்லாத வேரும் இல்லாத பழுப்புக் கட்டிகளோடு கொஞ்சம் பாட்டில்கள். இரண்டாகப் போனவை ஒரு தட்டை நிறைத்திருந்தன. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"ஏன் இவ்வளவு பழுப்பு?"

"மாத்தறப்போ பழுப்பா இருக்கறதை மட்டும்தான் எடுப்பேன். வெள்ளையா கொழுகொழுன்னு வளர்றதை விட்டுடுவேன்."

"மெதுவால்ல வளரும்?"

"மெதுவாதான் வளரும். எனக்கு என்ன அவசரம்? மருந்தா விக்கப்போறேன்?" அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "ஆரம்பத்துல அந்த நிறத்துலதானே இருந்துச்சு. அப்படியே இருக்கட்டும்னு பாத்துக்கிட்டேன்."

மருந்து செய்யும் உயிரணுக்கள் பெரும்பாலும் பழுப்பேறி, சோர்ந்து, மெதுவாகத்தான் வளரும். இது இருவரும் படித்ததுதான். அங்கே பெரிய தொட்டிகளை நிரப்ப வேண்டியிருந்தது. வேகமாகப் பெருகியவை ஒவ்வொரு முறையும் தாமாகவே முந்திக்கொண்டன, மெதுவானவை அடிபட்டுப் போயின. இங்கே யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை, ஒருவனுக்கு அந்த நிறம் வேண்டியிருந்ததைத் தவிர. இவற்றில் மருந்து இருக்கிறதா என்று அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது. இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு நிறத்தை ஒருவன் இத்தனை வருடம் நினைவில் வைத்திருந்தான் என்று நினைத்தபடி, பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடி மேசை முன்னால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, எடுத்துப்போக வேண்டியவற்றைப் புதிய பாட்டில்களுக்கு மாற்றினார்கள். அவன் சுடரில் இடுக்கியைக் காட்டி நீட்ட, அவள் வாங்கினாள். அவள் மூடியைத் திறந்து பிடிக்க, அவன் திசுவை இறக்கினான். யார் எப்போது கையை நகர்த்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் கைகளுக்கு அது தெரிந்திருந்தது.

"நீ இன்னும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மூடியைத் திறக்கறே" என்றான் அவன்.

அந்த 'நீ' வந்து விழுந்ததும் அவள் பாட்டிலை மூடிவிட்டு அடுத்ததை எடுத்தாள். காற்று வீசும் இரைச்சல் மட்டும் இருந்தது. அவள் மேசையைப் பார்த்தபடியே இருந்தாள். இந்த வேலை முடியாமலே இருக்கட்டும் என்று நினைத்தாள். பாட்டில்களோ கொஞ்சம்தான்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த அவன் மனைவி கதவருகில் நின்று இருவர் முதுகையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. சாப்பிட்டு முடித்ததும், அவன் கிழிந்த நிழல்வலையைக் கட்டப் போன சமயம், அவள் குடுவையக்காவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுங்களேன். ஒண்ணுகூட இங்க வேணாம்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. விரல்கள் மட்டும் நகக்கண்ணில் இருந்த மண்ணை விடாமல் நோண்டிக்கொண்டிருந்தன. "எனக்குக் காய்ச்சல்னா மாத்திரை வாங்கிக் குடுப்பாரு, பக்கத்துல உக்காருவாரு. குறை சொல்ல மாட்டேன், தங்கமான மனுஷன். ஆனா மாசத்துக்கு ஒரு நாள் அந்த அடித்தட்டு முன்னாடி போய் உக்காந்தா, நான் கூப்பிடறது காதுல விழாது. பூச்செடியா இருந்தா சரி, வித்துக் காசாக்கலாம். இது என்னன்னு கேட்டா மரம்னு சொல்லுவாரு. மரமா அது?"

எல்லாவற்றையும் எடுத்துப்போவதுதான் நியாயம் என்று குடுவையக்காவின் மனது சொன்னது. அப்படி எடுத்துப்போனால் அவன் என்ன ஆவான் என்றும் அதே மனது கேட்டது. அதைக் கேட்கத் தனக்கு உரிமை இல்லை என்று அவளுக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும், அது வேலை சம்பந்தப்பட்டது.

"நான் உள்ளதைச் சொல்லிடறேன்" என்றாள். "எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சதாலதான் அங்க எங்களுக்கு இந்த நிலைமை. தொட்டி ஒண்ணு உடைஞ்சது, அத்தனையும் போச்சு. இவரு இதை இங்க வச்சிருந்ததாலதான் இன்னிக்கு நான் வந்து நிக்கறேன். அதனால வேலைன்னு பாத்தா, ஒரு பாட்டிலாவது இங்க இருக்கணும். ஆனா இது உங்க வீடு. நீங்க வேணாம்னு சொன்னா எல்லாத்தையும் எடுத்துக்கறேன். அவருகிட்ட நானே சொல்லிக்கறேன், நீங்க சொன்னதா வராது."

அவன் மனைவி நோண்டுவதை நிறுத்தினாள். "மருந்துக்குத்தானே கேக்கறீங்க?"

"மருந்துக்குத்தான்."

"வேற எதுக்கும் இல்லையே?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "மருந்துக்கு வேணும்ங்கறது நிஜம்" என்றாள் குடுவையக்கா. "வேற இருக்கறது என்கூடவே இருந்துட்டுப் போகட்டும். உங்க வீட்டுக்கு அது வராது."

அவன் மனைவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தாள். திரும்பி வந்து, "சரி. ஒரு பாட்டில் இங்கே இருக்கட்டும். ஆனா அவரு தொடக்கூடாது. நான் பாத்துக்கறேன். எப்படின்னு இப்பவே சொல்லிக் குடுத்துட்டுப் போங்க" என்றாள்.

மத்தியானம் முழுக்க அந்தச் சின்ன அறையில் மூன்றாவதாக ஒரு நாற்காலி போடாமலேயே பாடம் நடந்தது. அவன் வெளியே நிழல்வலை கட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி இரண்டு பாட்டில்களைக் கெடுத்தாள், ஒரு முறை விரலைச் சுட்டுக்கொண்டாள், "இந்தச் சனியனுக்கா இவரு இத்தனை வருஷம்..." என்று திட்டினாள். மூன்றாவது பாட்டிலில் திசுவைச் சரியாக இறக்கியதும், தானே அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். வழியில் மழையைப் பற்றியும், கால் வலியைப் பற்றியும் பேசினான். மகள் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்ததைச் சொன்னான். பஸ் வந்ததும் பையை அவள் மடியில் வைத்துவிட்டு, "ஆட்டிடாதே" என்றான். அவளுக்கு ஏதோ சொல்ல வேண்டும் போல இருந்தது. நடத்துநர் விசில் ஊதிவிட்டார். ரயிலில் எதிர் இருக்கைக்காரர், பையை அவள் குழந்தை போல அணைத்திருப்பதைப் பார்த்து, "என்னம்மா, கண்ணாடிச் சாமானா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றாள். அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கூழ்மத்திலிருந்து சத்து நீருக்குப் பழக்க மாதங்கள் பிடித்தன. பாதி செத்தது. பிழைத்தவையும் சோம்பேறித்தனமாகத்தான் வளர்ந்தன. இயக்குநர் இரண்டு முறை வந்து குடுவைகளை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு முற்பகலில் அளவுக் கருவியின் திரையில் அந்தக் கோடு எழுந்தது. எழுந்து, பழைய உயரத்தையும் தாண்டிப் போய் நின்றது. அவள் நம்பாமல் மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அதே உயரம். இயக்குநரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, திரைக்கு மூக்கு முட்டக் குனிந்து பார்த்தார். "மூடறதைப் பத்தி நான் எதுவும் சொல்லலைன்னு வச்சுக்குங்க" என்றார்.

புதிய மருந்து முதன்முதலில் யாருக்கு ஏறியதென்று அவளுக்குத் தெரியாது. தையல்காரம்மா நடுவிலேயே, வெளியிலிருந்து வாங்கிய மருந்தில் தேறி, வீட்டுக்குப் போய்விட்டாளென்று நர்ஸ் சொன்னாள். புதிதாக உறைய வைத்த குப்பிகளை இந்த முறை மூன்று வெவ்வேறு கட்டடங்களில் பிரித்து வைத்தாள். முறைப்படி பார்த்தால் பண்ணையில் இருக்கும் அந்த ஒற்றைப் பாட்டிலுக்கு இனி அவசியம் இல்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மாதம் ஒரு முறை, பாட்டில் மாற்றிய கையோடு, அவன் மனைவி வீடியோ அழைப்பில் கூப்பிடுவாள். எடுத்த எடுப்பிலேயே குறைதான். "அக்கா, ஓரத்துல என்னமோ கறுப்பா இருக்கு பாருங்க." "அக்கா, போன தடவையை விட இது இளைச்சிருக்கா?" குடுவையக்கா நடைபாதைக்கு வந்து, ஜன்னலோரம் நின்று பார்ப்பாள். பயப்பட ஒன்றும் இருக்காது. இருவரும் சற்று நேரம் பெண்ணின் படிப்பைப் பற்றிப் பேசுவார்கள். அவனைப் பற்றி அவள் கேட்பதில்லை, அவன் மனைவியும் சொல்வதில்லை. எங்காவது பின்னால் ஒரு இருமல் கேட்கும். ஒரு வாளி வைக்கும் சத்தம் கேட்கும். அதைக் கேட்பதற்காக அவள் சில சமயம் பேச்சை நிறுத்திவிடுவாள்.

அன்றும் அப்படித்தான் அழைப்பு வந்தது. திரை முழுக்கப் பாட்டில் இருந்தது.

"நல்லா இருக்கா அக்கா?"

"நல்லா இருக்கு. கொஞ்சம் தள்ளிப் பிடிங்க, வெளிச்சம் கூசுது."

பாட்டில் விலகியது. பின்னால் திறந்த கதவு, கதவுக்கு அப்பால் செடி வரிசை, வரிசையின் நடுவே முதுகு காட்டிக் குனிந்து நாற்றுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான் அவன். ஒரு தட்டை வைத்தான், நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான், அடுத்ததற்குக் குனிந்தான். பாட்டில் திரும்ப நடுவுக்கு வரவில்லை. அவன் மனைவியின் கை அதை ஓரமாகவே, அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"தெரியுதா அக்கா?"

"தெரியுது" என்றாள் குடுவையக்கா. போதும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.